பரிசு மேசையில் மிஸ்டர் பட்டன்

பக்கத்து வீட்டு டேரிலுக்கு நாற்பத்தொரு வயது. கார் ஓட்டும் தேர்வில் அவனை நான் நான்கு முறை பெயிலாக்கியிருக்கிறேன். தேர்வதிகாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. இன்றும் மழை பெய்தால் தேநீரோடு சன்னலோரம் உட்கார்ந்து அந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து ரசிப்பேன். மூன்றாவது முறை, ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு பால் வண்டிக்கு வழிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தான். பால்காரர் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டே வந்தார்.

அவன் தங்கை கெர்ரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் பிரிந்துபோன பிறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணனை வரவழைத்தாள். வீடியோ கேம் பெட்டி இரண்டு, சுவரளவு டிவி ஒன்று, முள்கரண்டி ஒன்று, இவ்வளவு சொத்தோடு வந்து மாடிச் சின்ன அறையில் குடியேறினான். ஒரு குழந்தையைப் பார்க்க இன்னொரு குழந்தையை வரவழைத்திருக்கிறாள் என்று எங்கள் ஊர் ஸ்டாக்போர்ட் முழுக்கச் சொன்னேன். ஸ்டாக்போர்ட் முழுக்க என்றால் எங்கள் தெருவும் கறிக்கடையும்.

கெர்ரியின் மகன் எல்லிஸுக்கு ஆறு வயது. அந்த வீட்டில் பெரிய மனிதன் அவன்தான்.

எல்லிஸின் வகுப்பில் ஒரு பொம்மைக் கரடி உண்டு. நீலக் கோட்டு, பெயர் மிஸ்டர் பட்டன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சனி, ஞாயிறு கரடி என்னென்ன செய்தது என்று அதன் நாட்குறிப்பில் எழுதி, போட்டோ ஒட்டி, திங்கட்கிழமை வகுப்பில் நின்று படிக்க வேண்டும். பெயருக்குத்தான் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். உண்மையில் பெற்றோர்களின் யுத்தம். ஒரு வீட்டில் கரடியைக் கார்ன்வால் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலையில் சறுக்க விட்டார்கள். இன்னொரு வீட்டில் அதற்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டில் கேம்பிரிட்ஜில் இடம் வாங்கிக் கொடுத்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எல்லிஸின் குடும்பப் பெயர் யார்வுட். ஆங்கில எழுத்து வரிசைப்படி வருகைப் பதிவேட்டில் கடைசி. செப்டம்பரிலிருந்து இருபத்தொன்பது பிள்ளைகள் படித்ததற்கும் கை தட்டிவிட்டு, ஜூலைக் கடைசியில் அவன் முறை வந்தது. அடுத்த வாரம் கோடை விடுமுறை. கரடி அலமாரிக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை வேலிக்கு மேலாகக் கரடியைத் தூக்கிப் பிடித்து எனக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைத்தான். நானும் அதன் கையைக் குலுக்கினேன்.

சனிக்கிழமை காலை கெர்ரி சீருடையோடு வாசலில் நின்று அண்ணனுக்கு உத்தரவு போட்டாள்.

"பார்க், லைப்ரரி, ரெண்டு போட்டோ. அவ்வளவுதான், டேரில். கரடிய எங்கயும் கீழ வச்சுடாத."

"நான் என்ன சின்னப் பையனா?"

"சின்னப் பையன்னா நிம்மதியா விட்டுட்டுப் போவேனே. எல்லிஸ், மாமாவப் பாத்துக்கோ."

லைப்ரரிக்குப் போகும் வழியில்தான் எங்கள் சர்ச் மைதானம். அன்று கோடை விழா. குலுக்குச் சீட்டு மேசைக்குப் பதினோரு வருடமாக நான்தான் ராஜா. பரிசு ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டியிருக்கும். பீப்பாயிலிருந்து எடுக்கும் சீட்டில் அதே எண் வந்தால் பரிசு உங்களுக்கு. ஒரு தடவை எண் ஒட்டிவிட்டால், யாராவது ஜெயிக்கும்வரை அந்தப் பொருளை மேசையிலிருந்து எடுக்கக்கூடாது. ஊர் முழுக்க யாருக்கும் பிடிக்காத பொருள்கள்தான் பரிசுகள்; ஜெயித்தவர்கள் அடுத்த வருடம் அதையே நன்கொடையாகத் தருவார்கள். ஒரு லாவெண்டர் குளியல் உப்பை நானே இரண்டு தடவை ஜெயித்து இரண்டு தடவை திருப்பித் தந்திருக்கிறேன்.

எல்லிஸ் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றான். டேரிலின் கண்ணில் காற்றடைத்த குதிகோட்டை பட்டது. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று பலகை இருந்தது. அவன் கரடியை என் மேசை ஓரத்தில் வைத்து, "ஒரு நிமிஷம்" என்று காற்றிடம் சொல்லிவிட்டு, ஷூவைக் கழற்றினான்.

நல்ல மனிதன் கரடியை மேசைக்கடியில் பத்திரமாக வைத்திருப்பான். நான் 245 ஒட்டினேன். டேரில் பத்து நிமிடம் நெளிவதைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அங்கே டேரில் குதித்த குதியில் கோட்டை மான்செஸ்டர் பக்கம் சாய்ந்தது. மூன்று குழந்தைகள் அந்தரத்தில் பறந்தார்கள். ஒருத்தி ஆகஸ்டில்தான் இறங்கினாள் என்று நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து எண்பத்தாறு வயது மிசஸ் ஓக்லி வந்து ஒரே ஒரு சீட்டு எடுத்தார். 245. பின்னால் வரிசை, பக்கத்தில் பாதிரியார். விதி விதிதான் என்று பதினோரு வருடம் பிரசங்கம் செய்த வாயால் நான் வேறென்ன சொல்வது? கரடி அவருடைய சக்கரப் பைக்குள் ஏறிப் போய்விட்டது.

டேரில் காலுறையோடு வந்தான். "மிஸ்டர் பிரிச்சர்ட், இங்க ஒரு கரடி இருந்துச்சே."

"இருந்துச்சு. மிசஸ் ஓக்லி ஜெயிச்சுட்டாங்க."

"அது பரிசு இல்லீங்க. பள்ளிக்கூடத்துக் கரடி."

"பரிசு மேசையில வச்சது யாரு?"

"சும்மாதான வச்சேன்."

"டெஸ்ட்டுல காரையும் சும்மாதான் வச்சே, பூச்செடி மேல."

இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் வழிய எல்லிஸ் வந்தான். மேசையைப் பார்த்தான், மாமாவின் வெறுங்கையைப் பார்த்தான், நடந்ததைக் கேட்டுக்கொண்டான். அழவில்லை. இரண்டு ஐஸ்கிரீமையும் மாமா கையில் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமை நான் படிக்கணும், மாமா" என்றான். நான் குனிந்து பரிசுகளை நேராக அடுக்க ஆரம்பித்தேன்.

மூளையுள்ளவன் நேராக அந்த அம்மாவைத் தேடிப் போவான். டேரில் சீட்டு எடுத்தான். இன்னொரு கரடி விழுமாம். மத்தி மீன் டப்பா விழுந்தது. குளிக்கும் தொப்பி விழுந்தது. பிறகு ஒரு ஷெர்ரி ஒயின் பாட்டில் விழுந்தது. அத்தோடு கரடியை மறந்துவிட்டான்.

"பாத்தியா எல்லிஸ், ஷெர்ரிடா."

எல்லிஸ் மிசஸ் ஓக்லியைத் தேடித் தேநீர்க் கூடாரத்துக்கு நடந்தான்; பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு டேரில் பின்னால் போனான். மேசையைப் பாதிரியாரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் போனேன். அதைப் பார்க்காமல் விடுவேனா? மிசஸ் ஓக்லி பக்கத்து நாற்காலியில் கரடியை உட்காரவைத்து, அதன் முன்னால் ஒரு துண்டு கேக்கும் வைத்திருந்தார்.

"மிசஸ் ஓக்லி, இது எங்க வகுப்புக் கரடி. மாமா தெரியாம வச்சுட்டாரு."

"கண்ணு, வருஷா வருஷம் எனக்கு அந்தக் குளியல் உப்புதான் விழும். இன்னிக்குத்தான் ஒரு துணை விழுந்திருக்கு." அவர் பார்வை டேரிலின் அக்குளுக்குப் போனது. "அந்த ஷெர்ரியும் நல்ல துணைதான், வேணும்னா மாத்திக்கலாம்."

டேரில் பாட்டிலை இறுக்கிக்கொண்டான். "இது நான் ஜெயிச்சதாச்சே."

என் கைக்கடிகாரத்தில் பதினோரு நொடி யோசித்தான். திடீர் பிரேக் போடச் சொன்னபோதுகூட அவன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. எல்லிஸ் மாமாவின் அக்குளிலிருந்து பாட்டிலை உருவி, மேசையில் வைத்து, இரண்டு கையாலும் கரடியை எடுத்துக்கொண்டான்.

"நன்றி, மிசஸ் ஓக்லி."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. எனக்கு ரோஜாச் செடியில் திடீரென்று நிறைய வேலை வந்தது.

"லைப்ரரிக்குப் போனோம்னு எழுதுடா."

"போகலயே மாமா."

"கரடி போய் யார்ட்டயாவது சொல்லப் போகுதா?"

"நான் சொல்லுவேன்ல."

திங்கட்கிழமை பள்ளிவாசலிலிருந்து வந்த கெர்ரி, ஆசிரியை கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக் கொடுத்த அந்தப் பக்கத்தோடு நேராக என் வேலிக்கு வந்தாள். சத்தமாகப் படித்தாள்.

"டேரில் மாமா கோட்டையில் குதித்தார். மிஸ்டர் பட்டன் பரிசு ஆனார். பக்கத்து வீட்டு மிஸ்டர் பிரிச்சர்டுக்கு அது என் கரடி என்று தெரியும். ஆனாலும் எண் ஒட்டினார். ஷெர்ரியைக் கொடுக்க மாமா ரொம்ப யோசித்தார். நான் பதினொன்று வரை எண்ணினேன். மிஸ்டர் பிரிச்சர்ட் சிரித்துக்கொண்டு நின்றார். மிஸ்டர் பட்டன் கேக் சாப்பிட்டார்."

கீழே ஆசிரியை எழுதியிருந்தார்: வகுப்பு இதை மூன்று முறை படிக்கச் சொன்னது. கார்ன்வாலை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

கெர்ரி என்னைப் பார்த்த பார்வை, வார்டில் கழுவ வேண்டிய பாத்திரங்களைப் பார்க்கும் பார்வை. "உங்களுக்கு எழுபத்தி ரெண்டு வயசு, மிஸ்டர் பிரிச்சர்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பின்னால் டோஸ்டைக் கடித்தபடி டேரில் நின்றான். முகமெல்லாம் பெருமை.

"மூணு தடவையும் கைதட்டுனாங்களாம். நான் மட்டும் ரெண்டு எடத்துல வர்றேன், கவனிச்சீங்களா? உங்க பேரு ஒரே தடவைதான்."

இவனையா நான் நான்கு முறை மட்டும் பெயிலாக்கினேன்? எண்ணக்கூடத் தெரியவில்லை. என் பெயரும் இரண்டு தடவை வருகிறது.