உள்நாற்காலி

...இடது பக்கமா வலது பக்கமா, எந்தப் பக்கம் வலி என்று அக்கா சொன்னாள், காலையில் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிடும்போதுகூட ஒரு தரம் சொன்னாளே, முதுகுத்தண்டு, ஆபரேஷன், மூன்று மாசம் படுக்கை, யாராவது கேட்டால் லேசாகச் சாய்ந்து நில்லு, அவ்வளவுதான்... அவன் தன் நாற்காலிக்குப் பின்னால் லேசாகச் சாய்ந்து நின்றான். சாய்ந்த பக்கம் தப்போ? எதிரும் புதிருமாகக் கண்ணாடி மாட்டிய சலூனில் இது ஒரு தொல்லை, ஒருத்தன் சாய்ந்தால் உள்ளே நூறு பேர் சாய்கிறார்கள், போகப் போகச் சிறுத்து, பச்சையாகி, குளத்தின் அடியில் நிற்பதுபோல. மாத்திரை போட்ட காலைகளில் எல்லாமே கொஞ்சம் தண்ணீருக்கு அடியில்தான், ரேடியோ எங்கோ தூரத்தில் பாடுகிறது, மாமாவின் கத்தரி தூங்கித் தூங்கி வெட்டுகிறது. மாமா, அதாவது அக்கா புருஷன், சலூன் முதலாளி. ஜன்னலோர நாற்காலி அவருடையது, உள்நாற்காலி இவனுடையது. இவனுடையது என்று பேர்தான், திரும்பி வந்த முதல் நாள், காலையிலிருந்து அதில் ஈ காக்கா உட்காரவில்லை.

வாங்க சார் என்று பெஞ்சில் காத்திருந்த கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டுப் பார்த்தான். "பரவால்ல, முதலாளியே வெட்டட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." எப்போதும் மணியடித்தால் ஓடுகிற மனுஷன், இன்றைக்கு அவசரமில்லையாம். பக்கத்தில் தபால்காரர், மடியில் பையோடு, போன வருஷத்துக் காலண்டரை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தார். இதே பெஞ்சு ஒரு காலத்தில் இவனுடைய நாற்காலிக்காகக் காத்திருந்தது, பஞ்சுக்கை வரட்டும், பஞ்சுக்கைகிட்டதான் ஷேவ் பண்ணிக்குவேன் என்று, பஞ்சுக்கை என்பது இவனுக்கு அவர்கள் வைத்த பேர். கத்தி படுவதே தெரியாது என்பார்கள், பாதி ஷேவிங்கில் குறட்டை விடுவார்கள், தபால்காரரே எத்தனை தரம் விட்டிருக்கிறார், கழுத்து முழுக்க நுரையோடு, குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு... அந்தக் கத்தி இப்போது மாமாவின் டிராயரில் இருக்கிறது. கடை திறந்ததும் அதை உள்ளே வைத்துப் பூட்டினார், முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "இன்னிக்கு முடி மட்டும் வெட்டு மாப்ள, கத்தி வேலைய நான் பாத்துக்கறேன்." சரி மாமா என்றான். வேறு என்ன சொல்வது?

நான் யாரை என்ன செய்தேன்? ஒரு காலையில் கடையைத் திறந்து, கூட்டி, இதே நாற்காலியில் சும்மா உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, அதுதான் நடந்தது. வாரக்கணக்காகத் தூக்கமில்லை, அன்றைக்குப் பாதத்தைத் தரையில் வைக்க எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. ஆள் வந்தார்கள், கூப்பிட்டார்கள், குலுக்கினார்கள், கண்ணாடிக்குள்ளே யாரோ ஒருத்தன் அழுதுகொண்டிருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்... அப்புறம் ஆஸ்பத்திரி. அங்கே பிளேடு கிடையாது, வாரம் ஒரு தரம் மெஷினோடு ஒருத்தர் வருவார், தலையைக் குனிந்து கொடுக்க வேண்டும், அவர் மெஷின் பிடித்த லட்சணத்தைப் பார்த்து இவனுக்குக் கை பரபரத்தது. அன்றைக்குத்தான் டாக்டரிடம் முதல் முதலாகச் சிரித்தான். வீட்டுக்குப் போனதும் வேலைக்குப் போங்க, அதுவும் மருந்துதான் என்றார் அவர். வேலை கொடுக்கிற கழுத்து வேண்டாமா டாக்டர்?

"முதுகு எப்படி தம்பி இருக்கு?" காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் தபால்காரர் கேட்டார். கேட்ட குரலிலேயே தெரிந்தது, அவருக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும், தெரியாதது இந்த பெல்ட்டுக்கு மட்டும்தான். தெரிந்த பொய்க்கு எத்தனை நாள் சாய்ந்து நிற்பது? கண்ணாடிக்குள் நூறு பேரும் நிமிர்ந்தார்கள். "முதுகுக்கு ஒண்ணும் இல்லண்ணே. மனசு சரியில்லாம போச்சு. மனநல ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்பவும் மாத்திரை சாப்பிடறேன்." கத்தரிச் சத்தம் நின்றது. அக்கா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். மாமாவின் நாற்காலியில் பேக்கரிக்காரர், ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாத தலையோடு, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

மாமா சாவி போட்டு டிராயரைத் திறந்தார். திட்டப் போகிறார், வீட்டுக்குப் போ என்று சொல்லப் போகிறார்... கத்தியை எடுத்தார், புது பிளேடு மாட்டினார், இவன் கையில் வைத்தார், உள்நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். "ரெண்டு நாள் தாடி. எடுத்து விடு." பேக்கரிக்காரர் "அப்ப என் தலை?" என்றதற்கு, "ஓடியா போகுது" என்றார், கண்ணை மூடிக்கொண்டார்.

நுரை பூசினான். கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்தபோதுதான் கண்ணாடியில் பார்த்தான், போர்த்திய துணியின் ஓரத்தில் மாமாவின் இரண்டு கைகளும் நாற்காலியை உடும்பாகப் பிடித்திருந்தன. அவர் தொண்டை ஏறி இறங்கியது. அப்போ பயம்தான், பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு இருக்கிற அதே பயம், பயத்தோடேயா வந்து உட்கார்ந்தார்? யாருக்காக, அக்காவுக்காகவா, கடைக்காகவா... வலித்தது. வலித்தாலும் கோபம் வரவில்லை, ஏன்? வார்டில் பக்கத்துக் கட்டில்காரன் ஞாபகம் வந்தது, தனக்குத் தானே சிரிப்பான், அந்தச் சிரிப்புக்குப் பயந்து முதல் நாளே தன் கட்டிலைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டவன்தானே இவன். சத்தம் வராமல் இழுத்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருப்பானோ? கேட்டும்தான் மறுநாள் வாழைப்பழத்தில் பாதியைப் பிட்டு நீட்டினானோ?

மாமாவின் தொண்டை ஏறி இறங்கி நிற்கும்வரை காத்திருந்து, கத்தியை வைத்தான்.