சத்தம் தரையில் விழுந்த பட்டறை

அந்த வெல்டிங் பட்டறையில் சத்தம் காற்றில் கரையாமல் தரையில் விழ ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, டீ நேரத்துக்குச் சற்று முன்னால். முதலில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. வெல்டிங் பட்டறைத் தரையில் என்ன வேண்டுமானாலும் கிடக்கும்: எரிந்த வெல்டிங் ராடின் முனை, கசடு, கிரைண்டர் உதிர்த்த பொடி, யாரோ தொலைத்த கையுறை. இது சாம்பல் நிறத்தில் மணல் பருமனில் இருந்தது. மிதித்தால் கிறீச்சிட்டது. பெருக்குகிற அம்மாள் வழக்கம்போல விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ள, குவியல் மொத்தமும் ஒரே குரலில் அலறியது. அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசல்வரை ஓடினாள். ஓடியவள் பெருக்காமல் போனால் சம்பளம் யார் தருவார் என்று நினைத்துத் திரும்பி வந்து, காதில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டினாள். குப்பை வண்டிக்காரர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். உயிருள்ள எதையும் ஏற்றக்கூடாது என்று தனக்கு உத்தரவு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாக்குகள் பின்பக்கச் சுவரோரம் அடுக்கப்பட்டன, வெயில் ஏறும்போது முனகின. ஒரு மாதத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

அந்தப் பட்டறையில் சத்தத்துக்கு இருந்த மரியாதை வேறெங்கும் இருந்திருக்காது. முதலாளியின் அறை மாடியில். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார், கீழே எட்டிப் பார்ப்பதே கிடையாது. சத்தம் வந்தால் வேலை நடக்கிறது, வரவில்லையென்றால் நடக்கவில்லை, அவ்வளவுதான் அவர் மேற்பார்வை. சத்தம் கொஞ்சம் தணிந்தால் மேலிருந்து காலால் ஒரு உதை விழும். அளவெடுப்பதும் கோடு போடுவதும் பற்றவைப்பதும் பெரும்பாலும் சத்தமில்லாத வேலைகள் என்பதை அவருக்கு யார் போய்ச் சொல்வது? அதனால் தூணில் ஒரு பெரிய தகட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கை ஓய்ந்திருப்பவர் யாரோ அவர் சுத்தியலால் அதை அடிக்க வேண்டும். டீ குடிக்கிறவர்கூட ஒரு கையில் டம்ளரும் மறு கையில் சுத்தியலுமாகத்தான் குடிப்பார். அதற்கு முதலாளித் தகடு என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் ராடைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அதை அடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அங்கே வெல்டராக இருந்த பெண்ணை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் போட்ட வெல்டிங் தையலைப் பார்த்தால் பற்றவைத்தது போலவே இருக்காது, இரும்பு தானாக ஒட்டிக்கொண்டது போல இருக்கும். கை அப்படி, காதுதான் கைவிட்டுக்கொண்டிருந்தது. முதலில் கடிகாரத்தின் டிக்டிக் போனது, பிறகு பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பும் ஓசை. இரண்டுக்கும் அவள் கவலைப்படவில்லை. மூன்றாவதாகப் போனது அவள் மகளின் குரல்.

மகளுக்கு இயல்பிலேயே சின்னக் குரல். பேசும்போது பக்கத்தில் இருக்கிற திரைகூட அசையாது. அப்பா பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் ஒருவர் இறங்குமிடத்தை முணுமுணுத்தாலும் படிக்கட்டில் நின்றபடியே காதில் வாங்குகிறவர். ஆகவே பெண் பெரும்பாலானதை அப்பாவிடமே சொன்னாள். அவர் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி மனைவியிடம் சொல்வார். "வகுப்புல பக்கத்துல உக்கார்ற பொண்ணு பென்சிலை உடைச்சிட்டாளாம்!" "கனவுல பூனை வந்துச்சாம்!" பெற்ற மகளின் பூனைக் கனவு அக்காவுக்கு மீசை வைத்த குரலில்தான் வந்து சேர்ந்தது.

போதாக்குறைக்குச் சத்தம் வீட்டுக்கும் வந்தது. சாயங்காலம் சட்டையைக் கழற்றி உதறினால் பாக்கெட்டிலிருந்தும் மடிப்புகளிலிருந்தும் சாம்பல் பொடி கொட்டும். கண்டக்டர் அதைக் கட்டிலுக்கு அடியில் ஒதுக்கிவைத்தார். வெளியே கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், பாவம், அவர் ஷிப்டு முடித்துத் தூங்குகிற மனிதர். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு நாள் சாயங்காலம் மகள் வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது.

"சத்தமா சொல்லு கண்ணு."

மறுபடி சொன்னாள். முகம் சிவக்கச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

பெண் கையை விட்டுவிட்டாள். "ஒண்ணுமில்ல" என்று அவள் சொன்னதை அக்கா உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அம்மாவிடம் அவளுக்கு வாய்ப்பேச்சு நின்றது, விரலைக் காட்டிப் பேசினாள். பசிக்கு ஒரு விரல், தூக்கத்துக்கு இரண்டு. அக்கா அழுதாள், மறைக்கவில்லை. "என் புள்ளைக்கு நான் செவுரு ஆயிட்டேங்க" என்றாள்.

மறுநாள், பெருக்குவதற்கு முன்னால், அக்கா பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு வருஷமாக எல்லோரும் அந்தப் பொடியைக் கூட்டித் தள்ளினார்களே தவிர, அது எங்கே எவ்வளவு விழுகிறது என்று ஒருத்தரும் நின்று பார்த்ததில்லை. காற்றடிக்கிற கம்ப்ரஸரைச் சுற்றி முழங்கால் உயரம். பற்றவைத்த இடத்தில் படிந்த கசடைத் தட்டுகிற மேசைக்கு அடியில் ஒரு குவியல், இரும்பு மேசைமேல் தகடு ஆடிக்கொண்டு கிடந்தால் பின்னே என்ன ஆகும்? தப்பாக விழுந்த வெல்டிங்கை மின்சாரம் பாய்ச்சிய கரிக்குச்சியாலும் காற்றாலும் தோண்டியெடுக்கிற மூலையில், எதிர்பார்த்தது போலவே, ஒரு மேடு. ஆனால் அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மேடு முதலாளித் தகட்டைச் சுற்றி இருந்தது. அங்கே செய்கிற ஒரு இரும்புக் கேட்டுக்கோ ஒரு தொட்டிக்கோ உதவாத சத்தம் இடுப்பளவு கிடந்தது.

"நம்ம காதை நாமளே தின்னுட்டிருக்கோம்ப்பா," என்றாள் அக்கா.

"அடிக்கலன்னா மேல இருந்து இறங்கி வருவாரேக்கா," என்றார் கம்ப்ரஸர்காரர்.

"வரட்டும். வந்து பாக்கட்டுமே."

அவள் சுத்தியலை வாங்கித் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். மேலிருந்து ஒரு உதை விழுந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் படிக்கட்டில் காலடி. முதலாளி கூனியபடி இறங்கி வந்தார். எல்லோரும் முகமூடிக்குள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீல வெளிச்சம் பட்டறையெங்கும் துடித்தது. வேலையில்லாத கை ஒன்றுகூட இல்லை.

"என்னப்பா, வேலை நடக்குதா?"

"நடக்குது சார்."

"அப்புறம் ஏன் எனக்குக் கேக்கல?"

அக்கா மேட்டைக் காட்டினாள். முதலாளி குனிந்து ஒரு பிடி அள்ளினார், விரலிடுக்கில் அது வீறிட்டது. அவர் முகம் வெளுத்தது. "இது மேலயும் இருக்கும்மா," என்றார் மெதுவாக. போய்ப் பார்த்தார்கள். மாடி அறையில் பொடி ஜன்னல் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அதன்மேல் மேசை, மேசைமுன் நாற்காலி. வருஷக்கணக்கில் சத்தமெல்லாம் அவருக்காகவே எழுந்து அவரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. மேலே இடம் தீர்ந்த பிறகுதான் கீழே விழத் தொடங்கியிருக்கிறது. கூரைதான் இறங்குகிறது என்று நினைத்து அவர் மின்விசிறியைக் கழற்றிவிட்டிருந்தார். கட்டியவரைத் திட்டி இரண்டு தடவை ஆள் அனுப்பியும் இருந்தார். அக்காவுக்குக் கோபம் மூக்குவரை இருந்தது, ஆனால் அவர் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

அடுத்த வருஷம் முழுக்கப் பட்டறை அதே வேலையாக இருந்தது. கம்ப்ரஸரை வெளியே செங்கல் அறை கட்டிக் குடிவைத்தார்கள். முதல் வாரமே அது சூடேறி நின்றது, சுவரில் காற்றுக்கு வழி விட்ட பிறகு ஒழுங்காக ஓடியது. தகடுகளை மணல் தட்டில் படுக்கவைத்து இறுக்கிப் பிடித்தார்கள். மெஷின்களுக்குக் காலடியில் ரப்பர் வைத்தார்கள். தோண்டுகிற மூலைக்குப் போட்ட முதல் திரை தீப்பிடித்தது, ஆளுக்கொரு வாளியோடு ஓடி அணைத்தார்கள். இரண்டாவது திரையைத் தீப்பிடிக்காத பஞ்சு அடைத்துக் கனமாகத் தைத்தார்கள், அது நின்றது. கசடு குறைவாக விழுகிற புது மெஷின் வந்தது, தட்டுகிற வேலை பாதியானது. மிச்சச் சத்தத்துக்கு எல்லோர் காதிலும் மூடி. செய்தது பலித்ததா இல்லையா என்று அறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. சாயங்காலம் பெருக்குகிற அம்மாள் இடுப்பில் கைவைத்துத் தீர்ப்புச் சொல்வாள். "இன்னிக்கு நாலு முறம்." பிறகு, "ரெண்டு." பிறகு ஒரு நாள், "என்னப்பா இது, முறத்துல ஒட்டக்கூட இல்ல!" முதலாளித் தகட்டைக் கம்ப்ரஸர் அறைக்குக் கதவாக மாட்டினார்கள். முதலாளி நாற்காலியைக் கீழேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். தன் பட்டறையில் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

அக்காவின் சட்டையை உதறினால் இப்போது எதுவும் விழவில்லை. காது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம், வலது காது பரவாயில்லை. வீடு அமைதியானது, ஆனால் மகள் விரலைக் காட்டுவதை விடவில்லை. பழகிவிட்டாள். அந்த அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் கட்டிலை நகர்த்திப் பழைய பொடியை அள்ளினாள். அடியில் வெள்ளையாகச் சிறுசிறு உருண்டைகள் கிடந்தன, சட்டைப் பொத்தான் அளவு, தொட்டால் இளஞ்சூடு. ஒன்றை எடுத்து வலது காதில் வைத்தாள்.

"அம்மா, எனக்குப் பல்லு ஆடுது."

அந்தப் பல் விழுந்து புதுப்பல் முளைத்தே வெகுநாளாகியிருந்தது. அடுத்ததை எடுத்தாள். "அம்மா, இந்தப் பூச்சிக்கு எத்தனை காலு?" அடுத்தது வெறும் "அம்மா." அம்மாவிடம் சொல்லி, அம்மாவுக்குக் கேட்காமல் போனதெல்லாம் அங்கேதான் விழுந்து கிடந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக்கு முந்தின இரண்டும் கட்டில் காலில் நசுங்கிப் பொடியாகியிருந்தன. கடைசியில் கிடந்தது எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது. காதில் வைத்தாள். "ஒண்ணுமில்ல."

மகளைக் கூப்பிட்டு வலது பக்கம் உட்காரவைத்தாள். "அன்னிக்கு என்னமோ சொல்ல வந்துட்டு ஒண்ணுமில்லன்னியே கண்ணு, என்ன அது?"

பெண் யோசித்தாள். ஒரு விரலைத் தூக்கினாள், பிறகு மடக்கிக்கொண்டாள்.

"நீ வர்றப்ப உன்மேல இரும்பு வாசனை வரும்ல," என்றாள், அதே சின்னக் குரலில். "அது எனக்குப் பிடிக்கும்னு சொன்னேன்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கண்டக்டர் அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். "வேணாங்க," என்றாள் அக்கா, "எனக்கே கேட்டுடுச்சு."

அந்த உருண்டைகளை அவர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். பெண் இப்போது ஓயாமல் பேசுவதால் டப்பாவைத் திறக்க நேரம் கிடைப்பதில்லை. மழை நாளில் கொஞ்சம் நமுத்துப்போகும், ஜன்னலோர வெயிலில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.