தள்ளிவிட்ட வண்டி

மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோன அன்று மதியம், தச்சரின் பட்டறைக்குள் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன் நுழைந்தான். ஜென்மத்துக்கும் இவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று தச்சர் ஒதுக்கி வைத்திருந்த ஆள். தங்கையின் புருஷன். வயரிங் வேலை பார்க்கிறவன். ஒருநாள் குடித்துவிட்டு அவன் அடித்த அடியில் தங்கைக்குக் காது சவ்வு கிழிந்தது. தச்சர் நேரே போய் அவன் முன்பல்லைப் பெயர்த்துவிட்டு, அவளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். பிறகு அவள் மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை தேடிக்கொண்டு தனியாகவே இருந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்களுக்கும் போன் வந்திருக்கும். அவளுக்குக் காய்ச்சல் முத்திப்போச்சாம். விடியிற வரைக்கும் தாங்கறதே கஷ்டம்னாங்க," என்றான். "பஸ் இல்ல. எங்கிட்ட வண்டி இருக்கு. மண்ணு சரிஞ்ச எடத்துல ஓரமா போயிடலாம்."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "வழியில ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரி."

இருந்த ஒரே ஹெல்மெட்டை அவன் நீட்டினான். இவர் வாங்கவில்லை. இவர் வாங்காததை அவனும் போட்டுக்கொள்ளவில்லை. அது கைப்பிடியில் தொங்கி, மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே வந்தது. அவன் தோளைத் தொட மனமில்லாமல் தச்சர் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குழிக்கும் முதுகெலும்பு கழன்று விழுவது போலிருந்தது.

பாதி ஏற்றத்தில் கிளட்ச் ஒயர் அறுந்தது. அவன் பையிலிருந்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினான். இரண்டு வளைவு தாங்கிய கம்பி மறுபடி அறுந்தது. மேலே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்டது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

"கிளட்ச் இல்லாம ரெண்டு பேரை இழுக்காது," என்றான். "ஒருத்தர் தள்ளிவிட்டா ஒருத்தர் போகலாம். ஆனா நடுவுல நிறுத்த முடியாது."

"நகரு. என் தங்கச்சி. நான் போறேன்."

அவன் சொல்லிக்கொடுத்தபடியே தச்சர் ஏறினார். அவன் தள்ள, இவர் கியரை மிதித்தார். வண்டி வெறிபிடித்த மாடு மாதிரி எகிறி, இவரைச் சாய்த்து, இடது கணுக்கால் மேலேயே விழுந்தது. எழுந்து மறுபடி முயன்றார். கியரை மிதிக்கக் கால் மடங்கவில்லை.

அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். ஏறவில்லை. "நீங்க வேணாம்னா நான் போகல," என்றான்.

தச்சர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். யாருமே இல்லாமல் அவள் போவதா, இல்லை இவன் பக்கத்தில் இருந்து போவதா?

"உன்னப் பாத்தா அவ பயப்படுவா."

"தெரியும்."

"வெளியிலயே நில்லு. அவளா கூப்பிட்டா மட்டும் உள்ள போ."

"சரி."

தச்சர் ஒற்றைக் காலில் ஊன்றி, பற்களைக் கடித்து, வண்டியின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். இன்ஜின் உறுமியது. வண்டி அவர் கையைவிட்டு ஓடியது. அவர் குப்புறச் சேற்றில் விழுந்தார். தலைதூக்கிப் பார்த்தபோது சிவப்பு விளக்கு வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மண் அள்ள வந்த லாரிக்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது பொழுது விடிந்திருந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் அவன் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே தச்சருக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள போனியா?"

"கூப்பிட்டா."

"உன்னையா?"

"உங்கள." அவன் தரையைப் பார்த்தான். "கண்ணு சரியாத் தெரியல அவளுக்கு. கதவுகிட்ட ஆள் நிக்கறதப் பாத்து, அண்ணனான்னு கேட்டா. நான் 'ம்'னேன்."

தச்சரின் கை தானாக ஓங்கியது. அவன் அசையவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கை அப்படியே நின்று, பிறகு இறங்கியது.

"என்ன சொன்னா?"

"நனைஞ்சிருக்கியே, தலையத் துவட்டிக்கோன்னா. கையப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான். மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன். அண்ணனா உக்காந்துக்கிட்டு அத எப்படிக் கேக்கறது?" என்றான்.

தச்சர் நொண்டியபடியே உள்ளே போய்த் துணியை விலக்கித் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவளுடைய வலது கை விரல்கள் இன்னும் எதையோ பற்றியிருப்பது போல மடங்கியே இருந்தன. அந்த விரல்களுக்குள் தன் விரலை நுழைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

பாதை திறந்ததும் ஆம்புலன்ஸில் அவளுக்கு இந்தப் பக்கம் இவரும் அந்தப் பக்கம் அவனுமாக வந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "இனிமே இந்தப் பக்கம் வராத," என்றார் தச்சர். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அதன்பின் வரவேயில்லை.

கடைசியாக அவள் ஏதாவது சொன்னாளா என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"தலையத் துவட்டிக்கோன்னா," என்றார் தச்சர். மேற்கொண்டு கேட்க விடாமல் பட்டறைக்குப் போய்விட்டார்.