மஞ்சள் எண்ணெய்

விமானத்தின் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து என் மகள் பெர்சிஸ் சிரிஞ்சால் உறிஞ்சியெடுத்த எண்ணெய் சிவப்பாக இருந்திருக்க வேண்டும்; இளமஞ்சளாக இருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். வாசுதேவநல்லூருக்கு வெளியே எஸ்டேட் முதலாளி ஜெபசிங் தம் இரண்டு இருக்கை விமானத்தை நிறுத்தியிருக்கும் தகரக் கொட்டகை அது. விமானத்தின் பராமரிப்பு அவள் பொறுப்பு. நான் வெறுமனே உடன் சென்றிருந்தேன். மறுநாள் விருந்தினரோடு பறப்பதாக ஜெபசிங் சொல்லியிருந்தார்.

"இது கார் பிரேக் ஆயில். யாரு ஊத்துனது?"

முதலாளியின் கார் ஓட்டுநர் சுடலைமாடன் முன்னே வந்தான். "நாந்தாங்க்கா. மிதி உள்ள போவுதுன்னு மொதலாளி சொன்னாவ. ஒங்களுக்குப் போன் போட்டேன்..." என்றவன் என்னைப் பார்த்ததும், "லைன் கெடைக்கல" என்று முடித்தான்.

கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் அவள் குளித்துக்கொண்டிருக்க, அவளுடைய பையையும் செருப்பையும் கைப்பேசியையும் காத்துக்கொண்டு, வரிசையை மதிக்காத கூட்டத்தின்மீது கடுங்கோபத்தோடு சாரலில் நின்றிருந்தவன் நான்; அவன் அழைப்பை எடுத்தவனும் நானே. "சார், செவப்பு எண்ணெ தீந்துட்டு. கார் பிரேக் ஆயில் கெடக்கு, ஊத்தலாமா?" என்று கேட்டான். "பிரேக்குக்குப் பிரேக் ஆயில்தானடே ஊத்தணும். ஊத்து" என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் 'தெரியாது' என்று சொல்லிப் பழகாத நாக்கு. அழைப்பு வந்ததையே பிறகு மறந்துபோனேன்.

அந்த எண்ணெயில் விமானத்து ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். தரையிறங்கும்போது ஒரு சக்கரம் பிடித்து மற்றொன்று பிடிக்காமல் போகலாம். குழாய்களைக் கழுவி வளையங்கள் அனைத்தையும் மாற்றும்வரை பறக்கக் கூடாது என்று பெர்சிஸ் உறுதியாகச் சொன்னாள். அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெபசிங் ஓட்டுநரிடம் திரும்பினார்.

"ஏலே, எவம்லே ஒன்ன ஊத்தச் சொன்னான்?"

"நானாத்தான் மொதலாளி."

"கார் சாவிய வச்சிட்டுப் போ. நாளைலேருந்து இங்கன ஒன்னப் பாக்கக் கூடாது."

இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனை இப்படியா விளிப்பது என்று எனக்குச் சினம் பொங்கியது. அந்தச் சினத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் உணர்ந்தேன். சுடலைமாடன் சாவியை மேசைமேல் வைத்தான். என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றேன்.

ஜெபசிங் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல பிளேனும் நடத்துனீயளோ சார்?"

"எப்பப்பா?" என்றாள் பெர்சிஸ்.

"ஞாயித்துக்கெழம. நீ அருவியில நின்னே."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பராமரிப்புப் பதிவேட்டை விரித்துத் தேதியிட்டாள். மேசைமேல் கிடந்த சாவியை யாரும் எடுக்கவில்லை. பிடிப்பற்ற சக்கரம் ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.