பேச்சில்லாத வகுப்பு

வலது கால் ஷூ நுழையவில்லை. குளோரியா குதிகாலுக்குப் பின்னால் டீஸ்பூனை விட்டு நெம்பிப் பார்த்தாள். ஃப்ரீசர் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தி வெகுநேரமாகியும் கால் குளிர்ந்தே இருந்தது. வருடக்கணக்காக வெறுங்காலில் ஆடிய கால். விரல்கள் விரிந்து, ஓரத்துத் தோல் ரப்பர் மாதிரி தடித்துப் போயிருந்தது. உயிரோடு இருந்தபோதே அவள் புருஷன் பெர்னார்ட் ஷூ போட்டதில்லை. கல்யாணத்தன்று போட்டதையும் கோயில் வாசலிலேயே கழற்றிவிட்டார்.

"விடும்மா. சாக்ஸ் போதும். பூவப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப் போவுது" என்றார் லாயிட், பெர்னார்டின் அண்ணன்.

ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவள் பயம் பெர்னார்டுக்காக இல்லை. அவருக்கு இனி ஒன்றும் ஆகாது. கதவுப் பக்கம் நின்ற மகன் ரயான்தான் அவள் கண்ணில் இருந்தான். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பைச் சற்றே தள்ளி, அப்படியே அப்பா நிற்பதுபோல நின்றான். பத்தொன்பது வயது. இரண்டு நாளாக அழவில்லை. அவசியத்துக்கு மேல் பேசவும் இல்லை.

பிரேசர் டவுனில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் பெர்னார்டின் நடனப் பள்ளி. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் பாஷை தெரியாது. தமிழ், கன்னடம், உருது, பியூட்டி பார்லரில் வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண்கள், சாப்பாடு டெலிவரி செய்யும் வங்காளத்துப் பையன்கள். எந்த பாஷையில் சொன்னாலும் யாராவது ஒருத்தன் முழிப்பான். அதனால் பெர்னார்ட் பேசுவதையே விட்டுவிட்டார். முதல் அரை மணி நேரம் பேச்சில்லாத வகுப்பு. மாஸ்டர் முன்னால் நிற்பார். அவர் கை தூக்கினால் கை தூக்க வேண்டும், குனிந்தால் குனிய வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. அவர் நிறுத்தும்வரை நிறுத்தக் கூடாது. அந்தப் பள்ளியில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

முந்தாநாள் சாயங்காலம் அந்த வகுப்பில் பெர்னார்ட் வலது கையை நெஞ்சில் வைத்தார். எல்லோரும் வைத்தார்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். எல்லோரும் ஊன்றினார்கள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தார். எல்லோரும் படுத்தார்கள். முன்வரிசையில் ரயான், அப்பாவின் முகத்துக்கு நேராக முகம் வைத்துப் படுத்திருந்தான். மாஸ்டர் எழுந்தால் எழுவதற்காக எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மாணவி ஃபாத்திமா தாமதமாக வந்தாள். எப்போதும் தாமதம்தான். ஃபாத்திமா வந்தால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம் என பெர்னார்ட் கேலி செய்வார். கழற்றிய செருப்போடு வாசலில் நின்றவள் ஹால் முழுக்க ஆட்கள் படுத்திருப்பதைப் பார்த்தாள். மாஸ்டரின் உதட்டு நிறத்தையும் பார்த்தாள். அந்த வகுப்பில் முதல் முறையாக ஒருத்தி கத்தினாள்.

அதற்கு முன் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்கள் என்று குளோரியா யாரையும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் கன்னடத்தில் விசாரித்தாள். குடும்பத்தில் வேறு யாராவது இப்படித் திடீரென்று போயிருக்கிறார்களா? லாயிட் முந்திக்கொண்டு இல்லை என்றார். குளோரியா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். மாமனார் மாதா திருவிழாவில் தேர் தூக்கும்போது விழுந்து இறந்தவர் இல்லையா?

"எங்கப்பா குடிச்சிட்டு வுழுந்தாருன்னு அப்பவே ஊரெல்லாம் பேசி முடிச்சிட்டாங்க. திரும்ப நான் வேற இந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமா?"

"குடிச்சிருந்தாரா?"

லாயிட் சுவரைப் பார்த்தார். "திருவிழா அன்னிக்கு அவரு குடிக்க மாட்டாரு."

குளோரியா தனியாகத் திரும்பிப் போய்ச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். இதயத்தின் சுவர் தடித்துப்போகிற வியாதி ஒன்று இருக்கிறதாம். ரத்தத்தில் வருமாம். பல பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாதாம், விழுகிற வரைக்கும். மகன் இருக்கிறானா? என்ன செய்கிறான்? ஆடுகிறான் என்றாள் குளோரியா. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறவரை ஆடக் கூடாது, ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றாள் டாக்டர். அடக்கம் முடிந்ததும் நாளைக் காலையில் கூட்டி வரச் சொல்லியிருந்தாள்.

நேற்று சமையலறையில் ரயானிடம் இதைச் சொன்னாள். அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எதையோ தேடுவதுபோல நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"ஸ்கேன்ல இருக்குதுன்னு வந்தா?"

"மாத்திர இருக்குது. நெஞ்சுக்குள்ள பேட்டரி மாதிரி ஒண்ணு வெப்பாங்களாம்."

"ஆடலாமா?"

அவள் ஈரத்துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரிய வேணாம் மம்மி" என்று ஃப்ரிட்ஜைச் சாத்தினான்.

அதிலிருந்து அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவன் மாடிப்படி ஏறினால் படிகளில் காலடிச் சத்தம் தொடர்கிறதா என்று கேட்கிறாள். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவருகே போய் நிற்கிறாள். புருஷன் செத்த வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டியவள் மகன் பின்னால் அலைகிறாள் என்று வந்திருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

இப்போது லாயிட் இன்னொன்றைச் சொன்னார். அடக்கம் முடிந்ததும் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஹாலுக்குப் போகிறார்களாம். மாஸ்டர் ஞாபகமாகப் பேச்சில்லாத வகுப்பு. ரயான் முன்னால் நிற்க வேண்டுமாம்.

"அவன் ஆடக் கூடாது."

"அழாம இருக்கிறான், ஆடினாலாவது மனசு ஆறும்னு சொன்னேன். சின்னப் பையன் நெஞ்சுல என்ன வந்துடப் போவுது?"

"உங்கப்பாவுக்கு என்ன வயசு அப்ப?"

லாயிட் பூக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. ரயான் குனிந்து அப்பாவின் சாக்ஸ் போட்ட கால்களைப் பார்த்தான். பிறகு தன்னுடைய ஷூவைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் அந்தக் கருப்பு ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தான். சாக்ஸையும் உருவினான். பெட்டியின் முன்பக்கத்துக்குப் போனவனைக் குளோரியா சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ தூக்க வேண்டாம் என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள். அப்பா பெட்டியை மகன் தூக்காமல் யார் தூக்குவது என்று ஒரு கிழவர் கேட்டார். அவள் சட்டையை விடவில்லை. ரயான் முகம் சிவந்து ஒதுங்கினான். மெத்தைக் கடைக்காரர் அவன் இடத்தில் தோள் கொடுத்தார்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குள் நடக்கும்போதுதான் குளோரியா கவனித்தாள். ரயானுக்குப் பின்னால் வந்த மாணவர்கள் யார் காலிலும் செருப்பில்லை. சரளைக் கல்லில் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் கழற்றினான், அவர்களும் கழற்றிவிட்டார்கள்.  அவர்களுக்குப் புதிய மாஸ்டர் கிடைத்துவிட்டார்.

ஃபாத்திமா மட்டும் செருப்போடு வந்தாள். இன்று எல்லோருக்கும் முன்னால் வந்தவள் அவள்தான். பள்ளியின் பழைய வேனை அவள்தான் ஓட்டி வந்திருந்தாள்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்து ஜெபம் சொன்னார். ரயான் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டான். மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்து மண்ணைப் போட்டார்கள். பெட்டியின் மேல் விழுந்த மண் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ரயான் நிமிர்ந்து நின்றான். வலது கையை நெஞ்சில் வைத்தான்.

எல்லோரும் வைத்தார்கள்.

வந்திருந்தவர்களில் ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். லாயிட் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். வெறுங்கால்களும் நெஞ்சில் கைகளுமாக வரிசை அசையாமல் நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முந்தாநாளும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

குளோரியா மகன் முகத்தைப் பார்த்தாள். வியர்த்திருந்தது. வெயிலும் அடித்தது. கண் அந்தக் குழியைப் பார்க்கிறதா, எதையும் பார்க்கவில்லையா? அப்பாவுக்காக வைத்த கையா, வலித்து வைத்த கையா? முகத்தில் எழுதியிருக்கும் என்று நினைத்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வரிசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஃபாத்திமாவைப் பார்த்தாள். அத்தனை பேரில் அவள் ஒருத்தியின் கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் குளோரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வேன் சாவி.

குளோரியா குவித்துப் போட்டிருந்த மண்மேல் ஏறி நடந்தாள். செருப்பு புதைந்தது. சாமியார் ஜெபத்தை நிறுத்தினார். யாரோ அவளைத் தடுக்கக் கை நீட்டினார்கள். மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வலிக்குதா?"

அவன் கை நெஞ்சிலேயே இருந்தது.

"ரயான். வலிக்குதாடா?"

"தெரியல மம்மி."

அவன் குரலை இரண்டு நாளில் அப்போதுதான் சரியாகக் கேட்டாள். சின்ன வயதில் ராத்திரி எழுந்து அவளைக் கூப்பிடும் குரல்.

"நாளைக்கில்ல, இப்பவே போலாம்" என்றாள்.

அவன் தலையசைத்தான். ஃபாத்திமா அதற்குள் கேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். "வண்டிய உள்ளாறயே எடுத்துக்கினு வரேன் ஆண்ட்டி, நடக்க வெக்காதீங்க" என்று திரும்பாமலே சொன்னாள்.

பக்கத்துக் கல்லறையின் சலவைக்கல் விளிம்பில் அவனை உட்கார வைத்தாள். மணிக்கட்டை விடவில்லை. விரலுக்கடியில் நாடி துடித்தது. அது ஒழுங்காகத் துடிக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. துடித்தது, அவ்வளவுதான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒருமுறை இருமி நின்று, மறுபடி கிளம்பியது.

சாமியார் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றார். லாயிட்டின் போன் கீழே இறங்கியது. வரிசையில் யாரும் கையை எடுக்கவில்லை. முன்னால் நின்ற மணிப்பூர்ப் பெண் உட்கார்ந்திருந்த ரயானையே உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்காரத் தொடங்கினார்கள்.