கரைக்கு வந்ததும்

செய்தி காலை ஒன்பது மணிக்குப் போனது. சரண்யாதேவி எதையும் அழுத்தவில்லை. மென்பொருள் தானாகவே அனுப்பியது. அதற்காகத்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

ராஜதுரை அண்ணாச்சியின் கடை கடற்கரைச் சாலையில் இருந்தது. முன்னால் அலுவலகம், பின்னால் பட்டறை. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பார்கள். உதிரிப் பாகங்கள் விற்பார்கள். பில் போடுவது, போன் எடுப்பது, சரக்கு எழுதுவது எல்லாம் சரண்யா. பட்டறை செந்தூர்வேலுடையது. அந்த வருடம் வேலை குறைந்தது. நான்கு கடை தள்ளிப் புதிதாக ஒருவன் வந்து, போனில் செய்தி அனுப்பி ஆட்களை இழுத்தான்.

"நமக்கும் அது மாதிரி ஒரு சாப்ட்வேர் பாருளா" என்றார் அண்ணாச்சி.

அவள் மூன்றைப் பார்த்தாள். முதலாவதில் ஒவ்வொருவரும் எந்த வேலையை எப்போது தொடங்கி எப்போது முடித்தோம் என்று பதிய வேண்டும். செந்தூர்வேல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் ஒண்ணுக்குப் போனா அதையும் இதுல போடணுமோ?"

இரண்டாவது முழுக்க ஆங்கிலம். வாடிக்கையாளரின் பிறந்தநாள், திருமண நாள், பிடித்த நிறம் வரை கேட்டது.

"வாரவன வான்னு கூப்பிடத்தான் எனக்கு வேணும்" என்றார் அண்ணாச்சி. "அவனுக்கு ஜாதகமா எழுதப் போறோம்?"

மூன்றாவது தமிழில் இருந்தது. ஒரு மாதம் இலவசம். எஞ்சின் கடைசியாக எப்போது வந்தது என்று கொடுத்துவிட்டால், அடுத்த சர்வீஸ் நாளில் அதுவே வாட்ஸ்அப்பில் கூப்பிடும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வீடியோவில் வந்து விளக்கினான். திரையில் மாதிரிச் செய்தி வந்தது. அன்புள்ள பனிமய மாதா, உங்கள் எஞ்சின் சர்வீஸ் நாள் வந்துவிட்டது. எப்போது கொண்டு வருகிறீர்கள்?

அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, மாதாவுக்கே நோட்டீஸ் விடுதான்."

கடையின் பட்டியலில் ஆட்களின் பெயர் கிடையாது. படகின் பெயர்தான். பேச்சும் அப்படித்தான். பனிமய மாதா வந்துட்டாரா, அந்தோணியாருக்கு வாட்டர் பம்ப் போட்டாச்சா என்பார்கள். கோயம்புத்தூர்ப் பையனுக்கு அது புரியவில்லை. சரண்யா விளக்கவும் இல்லை. வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில் படகின் பெயரைப் போட்டாள்.

"ஒருத்தனாவது இந்த மெசேஜப் பாத்து எஞ்சினத் தூக்கிட்டு வரட்டும்" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கே வாங்கிருவோம்."

பழைய பட்டியலில் ஒரே ஆள் பல முறை எழுதப்பட்டிருந்தார். மென்பொருள் ஒவ்வொன்றாகக் காட்டி, இணைக்கவா என்று கேட்டது. முதலில் நிதானமாகப் பார்த்துத்தான் ஆம் என்றாள். பிறகு, அனைத்தையும் இணை என்று ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டாள். பட்டியல் பாதியாகச் சுருங்கியது. பார்க்கச் சுத்தமாக இருந்தது.

திரேஸ்புரத்து ஸ்டெபினின் படகும் பனிமய மாதாதான். போன வாரம் கடலுக்குப் போனது, திரும்பவில்லை. கூடப் போனவனின் உடல் புன்னக்காயலில் ஒதுங்கியது. ஸ்டெபின் கிடைக்கவில்லை. பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று சரண்யா நினைத்தாள். ஒரு நாள் அதைத் திறந்தாள். நீக்கு என்ற பொத்தான் சிவப்பாக இருந்தது. அழுத்தக் கை வரவில்லை. மூடிவிட்டாள்.

ஒன்பது மணிச் செய்திக்கு இப்போது பதில்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் கட்டைவிரலைக் காட்டியிருந்தார். ஒருவர், யாரு நீங்க என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பனிமய மாதா என்ற பெயர் இருந்தது.

சரி. கரைக்கு வந்ததும் கொண்டு வாரேன்.

சரண்யா எழுந்து நின்றாள். திரும்பவும் படித்தாள். ஸ்டெபினின் எண்ணை அழைத்தாள். அணைக்கப்பட்டுள்ளது என்றது. செந்தூர்வேலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"முருகா" என்றார். "போன் எடுக்கானா?"

"ஆஃப்ல இருக்கு. சார்ஜ் போயிருக்கும். இதப் போட்டுட்டுச் சார்ஜ் போயிருக்கும்."

"அண்ணாச்சி வந்துரட்டுமே."

அவள் ஏற்கெனவே ஸ்கூட்டியின் சாவியை எடுத்திருந்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். திரேஸ்புரத்தில் படகுகளையெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஸ்டெபினின் வீட்டு முன்னால் இரண்டு பேர் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவனுக்கு இறந்தோர் பூசை. உடல் இல்லாமலே வைத்துவிடலாம் என்று ஊரில் சொன்னார்கள். ஸ்டெபினின் மனைவி ரோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அம்மா ஞானபாய் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்ட பிறகு, முந்தின நாள்தான் சரி என்றாள். பெரிதாக்கிய படம் ஒன்று நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாலை இன்னும் போடவில்லை.

ரோஸ் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சரண்யா போனை நீட்டினாள்.

"இது இப்ப வந்துச்சு ரோஸ். கடைக்கு."

ரோஸ் எழுந்து உட்கார்ந்து படித்தாள். உதடு அசைந்தது. எழுத்தின் மேல் விரலை வைத்தாள். திரை நகர்ந்துவிட, பதறிப்போய்க் கையை எடுத்தாள்.

"அவியதான்" என்றாள். "வாரேன்னுதான் போடுவாவ. வருகிறேன்னெல்லாம் போடத் தெரியாது."

"போன் அடிச்சுப் பாத்தேன். சார்ஜ் இல்ல போல."

"பழைய பேட்டரிக்கா. மாத்துங்க மாத்துங்கன்னு சொன்னேன். கேக்கவே இல்ல." ரோஸ் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையானது.

ஞானபாய் வாசலில் மண்டியிட்டாள். ஆட்கள் கூடினார்கள். செய்தி பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும், நடுக்கடலில் சிக்னல் ஏது என்றார் ஒருவர். வான் தீவில் ஒதுங்கியிருப்பான் என்றார் இன்னொருவர். யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். டவர் பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்தது. ஸ்டெபினின் தம்பி காத்திருக்கவில்லை. டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"கூண்டு ஏத்திருக்குலே" என்று பெரியவர் ஒருவர் குறுக்கே நின்றார்.

"அண்ணன் அங்கன உசுரோட நிக்கான். நான் இங்கன கூண்டப் பாத்துக்கிட்டு நிக்கவா?"

"காத்து விடட்டும்ல. சாயங்காலம் போ."

"ஒரு வாரமா அவனுக்குக் காத்து விட்டுச்சா மாமா?"

இரண்டு பேர் அவனோடு ஏறினார்கள். சரண்யா கரையில் நின்று பார்த்தாள். படகு முதல் அலையில் மூக்கைத் தூக்கியது. அடுத்ததில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ரோஸ் பந்தல்காரர்களிடம், அவுத்துருங்க, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானபாய் சரண்யாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் மழை வலுத்தது. கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் எஞ்சின் ஒன்று தார்ப்பாய் சுற்றிக் கிடந்தது. மணப்பாட்டு லிகோரி நனைந்துகொண்டு இறங்கினார். வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர்.

"அண்ணாச்சி, ஆளவுட்டு இறக்கச் சொல்லுங்க. கூண்டு எறங்குறதுக்குள்ள முடிச்சுத் தந்துருங்க."

"வாங்க வாங்க. இந்த மழையில என்ன?"

"நீங்கதான கூப்பிட்டிய? காலையில கடல்ல நின்னேன். கரையோரமாத்தான். மெசேஜ் வந்துச்சு. கரைக்கு வந்ததும் கொண்டு வாரேன்னு போட்டேனே."

அண்ணாச்சி மேசையைத் தட்டினார். "ஏளா, பாத்தியா! வேல செய்யுது! அந்தக் கோயம்புத்தூர்ப் பயலுக்குப் போன் போடு. இன்னைக்கே வாங்கிருவோம்."

சரண்யா லிகோரியின் பக்கம் திரும்பினாள்.

"உங்க போட்டு பேரு என்னண்ணே?" என்று கேட்டாள்.

"பனிமய மாதா. மறந்துட்டியாளா?"

அவள் மறக்கவில்லை. இந்தக் கரையில் அந்தப் பெயரில் எத்தனையோ படகுகள் உண்டு. கடைக்கு வருவதிலேயே சில. எஞ்சினை இறக்கும்போது எந்தப் பனிமய மாதா என்று கேட்டுக்கொள்வார்கள். அவள் திரையில் அந்தப் பெயரைத் தொட்டாள். பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. அதுவரை அதைத் தொட்டதில்லை. தொட்டதும், ஒரே பெயராக இணைந்துபோயிருந்த எண்கள் கீழே விரிந்தன. முதல் எண் ஸ்டெபினுடையது. அதற்குப் போன செய்தியின் எதிரே ஒற்றை டிக், சாம்பல் நிறத்தில். அடுத்தது லிகோரியுடையது. இரட்டை டிக், நீலம்.

அவள் சொன்னாள். சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை. எஞ்சினை இறக்கிவிட்டு வந்து நின்ற செந்தூர்வேல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். லிகோரி தன் போனை எடுத்து, தான் அனுப்பியதைப் படித்துப் பார்த்தார்.

"வெறுமன சரின்னு மட்டும் போட்டிருக்கலாம்" என்றார்.

அண்ணாச்சி எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா கடைய ஒடச்சுப் போட்டுருவானுவ."

"போட்டு போயிருக்கு அண்ணாச்சி. மூணு பேரு."

"தேடிப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவானுவ. கம்பெனிக்காரன் தப்புன்னு சொல்லிக்கிடலாம். அவன் கோயம்புத்தூர்ல இருக்கான், அவன என்ன செய்வானுவ?"

"நான்தான் போய்ச் சொன்னேன்."

"ஒன்ன யாரு போவச் சொன்னா?"

சரண்யா ஸ்டெபினின் தம்பியை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பவும் அழைத்தாள். திரும்பவும் அதையேதான் சொன்னது. கடலோரக் காவல்படையின் எண்ணை எடுத்துக் கொடுத்தார் செந்தூர்வேல். எதிர்முனையில் படகின் பெயரைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேர், ஃபைபர் படகு, வான் தீவுப் பக்கம் என்றாள். கடல் இப்போது சரியில்லை, பார்க்கிறோம் என்றார்கள்.

திரையின் மூலையில் ஒரு பச்சைக் கட்டம் எழுந்தது. செந்தூர்வேல் எஞ்சினை இறக்கியதும் அது வந்ததைத் தன் போனில் பதிந்திருந்தார். வாழ்த்துகள், ஒரு வாடிக்கையாளர் திரும்பி வந்துள்ளார் என்று அதில் இருந்தது. சரண்யா அதை மூடினாள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றாள்.

"ஏளா, நில்லு." அண்ணாச்சி கதவை மறைத்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

ரோஸ் நின்றிருந்தாள். குடை இல்லை. தலை வாரிப் பின்னியிருந்தாள். இத்தனை நாளில் அவள் தன் தெருவைத் தாண்டி வருவது இதுதான் முதல் முறை. அண்ணாச்சி அவளைப் பார்த்தார். விலகி வழிவிட்டார். அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

"அக்கா, நான் அடிச்சா போவவே மாட்டேங்கு" என்றாள் ரோஸ். "காலையிலருந்து அடிக்கேன். உங்க கம்ப்யூட்டர்லருந்து போட்டாத்தான் அவியளுக்குப் போவுது. ஒண்ணே ஒண்ணு போட்டுத் தாங்க."

"உக்காரு ரோஸ்."

"உக்காரல. ஈரமா இருக்கேன்."

"ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல போடுங்கக்கா. திரும்பச் சார்ஜ் போயிரும்."

லிகோரியின் போன் மேசையின் ஓரத்தில் கிடந்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டி அதை எடுத்து, மடியில் வைத்து மூடிக்கொண்டார். ரோஸ் அவரைக் கவனிக்கவில்லை. திரையில் பனிமய மாதா என்ற பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குனிந்து, சரண்யாவின் காதருகே மெல்லப் பேசினாள். மற்றவர்கள் கேட்டுவிடக் கூடாத வீட்டு விஷயம் போல.

"நாளைக்குப் பூசை இல்ல, நிப்பாட்டியாச்சுன்னு போடுங்க. யாராவது சொல்லிருந்தா பயந்துருவாவ. தம்பி வாரான், நிக்கிற எடத்துலயே நிக்கச் சொல்லுங்க. போட்டாச்சாக்கா?"