கை படாத வண்டி

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, கார்களைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஹாரன் எங்கே இருக்கிறது என்பது. அந்த ஞானத்தை மூலதனமாக வைத்துக்கொண்டு, வேலையை விட்டபோது கைக்கு வந்த பணம் முழுவதையும் ஐம்பது வருடப் பழசான ஒரு துருப்பிடித்த காரில் போட்டு, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் போவதாகக் கிளம்பினான். "நீங்க பார்த்துட்டுத் தலையாட்டினா போதும் மாமா, வாங்கிடுவேன்" என்றான். முப்பது வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன் நான். என் தலைக்கு அவ்வளவு மரியாதை.

மனைவியும் கூடவே வந்தாள். தம்பி நாசமாகப் போவதை நேரில் பார்க்க வேண்டுமாம்.

விற்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். கார் அவர் வீட்டு ஷெட்டில், பழைய மெத்தைகளுக்கும் உடைந்த சைக்கிளுக்கும் நடுவே நின்றது. நிறம் வெள்ளை. வெள்ளை என்பது மரியாதைக்குச் சொல்வது. பானட் முழுக்கத் துரு. "ஒரிஜினல் பாடி. யார் கையும் படல" என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்கும் முன் வலிக்காது என்று சொல்லிப் பழகிய குரல்.

மேலே தெரிகிற துருவைப் பார்த்து விலை பேசுகிறவன் ஏமாளி. அது உப்புத்தாளுக்குப் போய்விடும். உயிரை வாங்குவது அடியில் இருக்கும் துரு. அதைப் பட்டி பூசி மூடியிருப்பார்கள். அதைப் பிடிக்கத்தான் நான் துணியில் சுற்றிய காந்தத்தோடு போவது. தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது.

குனிந்தேன், மண்டியிட்டேன், மல்லாந்து படுத்தேன். அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. கதவுகளின் அடிப்பக்கம்தான் முதலில் அழுகும். அங்கேயும் காந்தம் கப்பென்று பிடித்துக்கொண்டது. அதுவும் இடது முன்கதவில் பிடித்த பிடி, என் மனைவி என் சட்டைக் காலரைப் பிடிப்பது போல.

எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, தலையாட்டினேன். "கை படாத வண்டி மச்சான். கண்ணை மூடிட்டு வாங்கு."

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தான். அதற்குள் என் மனைவி முன்சீட்டில் மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினாள். எங்கள் வீட்டில் சண்டை போட்டால் சாத்துவாளே, அதே சாத்து.

கதவின் அடியிலிருந்து கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஓர் ஓட்டை. ஓட்டையை மறைத்து ரிவிட் அடித்த ஒரு தகரம். தகரத்தில் குடை பிடித்த இரண்டு வாத்துகளின் படம்.

அந்த வாத்துகளை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பச்சைக் கார் என் பட்டறைக்கு வந்தது. கதவுகள் அழுகல். காந்தத்தோடு வருகிறவன் கண்ணில் மண்ணைத் தூவ, பட்டிக்கு அடியில் டப்பா மூடியை வைத்து அடித்தேன். அந்த மூளைக்காக ஒரு வாரம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். பச்சைக் காருக்கு எவனோ வெள்ளை அடித்துவிட்டால் எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?

மனைவி இறங்கி வந்து குனிந்தாள். "இது என் தையல் டப்பா மூடி."

நிமிர்ந்து என் பக்கம் திரும்பினாள்.

"உங்க தங்கச்சி வந்துட்டுப் போன அன்னைக்குக் காணாமப் போச்சு. அவதான் எடுத்திருப்பான்னு சொன்னேன். நீங்க என்ன பண்ணீங்க?"

தலையாட்டினேன். அன்றைக்கு அதுதான் சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு என் தங்கை எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

மச்சான் பையை மூடினான். "அப்போ வண்டி?"

"வேண்டாம் மச்சான். மத்த மூணு கதவுலயும் பெயிண்ட் டப்பா மூடி இருக்கும்."

"அப்போ கை பட்டிருக்கா?" என்றார் டாக்டர். பாவம், அவருக்கு நிஜமாகவே தெரியாது.

மனைவி போனை என் கையில் திணித்தாள். "அவளுக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

தங்கை எடுத்தாள். பன்னிரண்டு வருடமாக நான் எப்போது கூப்பிட்டாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றைத்தான். இன்றைக்கும் அதையே கேட்டாள்.

"என்னண்ணா, மூடி கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"யாரு எடுத்தாங்களாம்?" என்றாள்.

போனில் தலையாட்டித் தப்பிக்க முடியாது.

"நான்தாம்மா" என்றேன்.